மணல்திட்டில் ஒரு வாய் காபி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பரிசல் என்னுடையது, ஓட்டினது நானில்லை. அதனால் அது காட்டுப் பாதையில் நாலு கால் முளைத்து நடந்து போனதைப் பார்த்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், என்னை வந்து கேட்காதீர்கள். நடந்ததை நடந்தபடி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காவிரிக்கரையில் பாசிப்பாறைத்துறை எங்கள் ஊர். ஊரில் நாச்சிமுத்து வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட சிரித்துக்கொண்டே கை காட்டும். நாச்சிமுத்து, அவருடைய மச்சினன்மார் பொங்கியண்ணன், மாரப்பன், மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. தங்கமான மனுசங்க. பொய் கிடையாது, சூது கிடையாது, சொன்ன பேச்சை மீறுகிற வழக்கமே கிடையாது. அந்தக் கடைசிக் குணம் இருக்கிறதே, அதுதான் ஊரையே அழ வைக்கும்.

ஒருதரம் நான் அவசரமாகப் போகும்போது மாரப்பனிடம் பரிசல் கயிற்றைக் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் இந்தக் கயித்தை விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆற்றில் தண்ணீர் ஏறி, முடிச்சு அவிழ்ந்து, பரிசல் போயே போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் மாரப்பன் நனைந்துகொண்டு நின்றார். கயிறு பத்திரமாக அவர் கையில் இருந்தது.

நாச்சிமுத்துவின் ஒரே மகள் பவளக்கொடி. அம்மா இல்லாத அந்த வீட்டுக்கு அடுப்பும் அவள்தான், புத்தியும் அவள்தான். தோட்டத்து மோட்டாரை ரிப்பேர் பார்க்க வந்த சிவநேசனை அவளுக்குப் பிடித்துப்போனது, அவனுக்கும் அவளைப் பிடித்துப்போனது. நல்ல மோட்டார் அப்படி அடிக்கடி கெட்டுப்போனபோதே எனக்குச் சந்தேகம்தான். எல்லாம் கூடி வந்த நேரத்தில் குறுக்கே வந்து நின்றது காபி.

சிவநேசனின் அப்பா வையாபுரி காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் காட்டில் கூடாரம் போட்டு, மூன்று கல் அடுப்பில் காபி வைத்துக் குடித்த மனுசன். "வீட்டுக்குள்ள காபி யாரு வேணும்னாலும் போடுவாங்க. காட்டுல, காத்துல, மணல்ல நல்ல காபி போடத் தெரிஞ்சாத்தான் அது நல்ல குடும்பம்" என்பார். ஆகவே அவர் வீட்டில் சம்பந்தம் பேசுவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். பெண் வீட்டு ஆம்பளைகள் பரிசலில் கிளம்பி, காட்டுக்குள் ஆற்றோரம் இருக்கிற மணல்திட்டுக்கு வர வேண்டும். அங்கே அவரோடு தங்கி, விடிந்ததும் காபி போட்டுத் தர வேண்டும். பெண் வீட்டு முதல் வாய் காபி அவர் தொண்டையில் இறங்குவது அந்த மணல்திட்டில்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பெண் அங்கே கால் வைக்கக் கூடாது. பிடித்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் ஒரு பெரிய கும்பிடு. ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் கும்பிடு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

பவளக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவும் மாமன்மாரும் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கு ஒரே ஒரு வேலையாகப் பிரித்துக் கொடுத்தாள்.

"அப்பா, நீங்க பில்டரைப் பார்த்துக்கோங்க. தூளை நானே போட்டு அமுக்கி வச்சுட்டேன். பிளாஸ்குல கொதிதண்ணி இருக்குது. சாயங்காலம் ஊத்தி மூடி வச்சீங்கன்னா விடியறதுக்குள்ள டிகாஷன் கெட்டியா இறங்கிரும். ஊத்தின பொறகு, இறங்கி முடியற வரைக்கும் பில்டரை அசைக்கவே கூடாது. அசைச்சா தூள் கலங்கிப்போயிரும்."

"அசைக்க மாட்டேன் அம்மணி" என்றார் நாச்சிமுத்து.

"மாரப்ப மாமா, உங்களுக்குப் பால். அடுப்புல வச்சது பொங்கற வரைக்கும் அதுமேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

"இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டேன் கண்ணு."

"பொங்கி மாமா, ஆத்தறது உங்க வேலை. நல்லா உசரத்துல இருந்து ஆத்தோணும். எத்தனை உசரமோ அத்தனை நுரை."

"எத்தனை உசரமோ அத்தனை நுரை" என்று பொங்கியண்ணன் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். சொல்லிக்கொண்டே வாசலில் இருந்த தென்னை மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். அதை அவள் கவனிக்கவில்லை.

அடுப்பைப் பற்ற வைப்பது யார் வேலை என்றும் அவள் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்லுவார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

வெயில் சாய்ந்த நேரத்தில் மூன்று பேரும் துறைக்கு வந்தார்கள். நான் பரிசலையும் துடுப்பையும் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். நாச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். சாயங்காலம் ஊற்றச் சொன்னாள், சாயங்காலம் வந்துவிட்டது. பில்டரைத் துறைப்பாறை மேல் வைத்தார், கொதிதண்ணீரை ஊற்றினார், மூடினார். மூடி காற்றில் அசையக் கூடாதே என்று அதன் மேல் பாரத்துக்குத் தீப்பெட்டியை வைத்தார். எல்லாம் முடித்து நிமிர்ந்த பிறகுதான் பரிசல் அவர் கண்ணில் பட்டது.

"மாப்ளை, இப்ப இந்தப் பில்டரை எப்படிப் பரிசலுக்குக் கொண்டு போறது?"

"கையில எடுத்துத்தான் மச்சான்" என்றார் பொங்கியண்ணன்.

"எடுத்தா அசையுமே."

"அப்பப் பரிசலைத் தூக்கிப் பாறைமேல வச்சுட்டா?"

"பரிசல் பாறைமேல இருந்தா நாம எப்படிப் போய்ச் சேர்றது?"

மூன்று பேரும் பாறையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் மாரப்பன் தலையை நிமிர்த்தினார். "மச்சான், பில்டர் அசையக் கூடாதுன்னுதான சொல்லிருக்குது? நாம அசையக் கூடாதுன்னு சொல்லலையே?"

நாச்சிமுத்து எழுந்து மாரப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இந்த மூளையை வச்சுக்கிட்டு நீ எப்படி மாப்ளை இந்த ஊர்லயே கிடக்கற!" என்றார். பில்டரை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் பரிசலில் ஏறிப் போனார்கள்.

மணல்திட்டில் வையாபுரி கூடாரம் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நல்லபடியாகப் பேசிச் சிரித்து, சாப்பிட்டுப் படுத்தார்கள். விடிந்ததும் அவர் குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்துவிட்டார். காபி போடுவதை அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுவும் சட்டம். மாரப்பன் பக்கத்து மாட்டுப்பட்டியில் பால் கறந்து வாங்கி வந்தார். மூன்று கல்லைக் கூட்டி, விறகை அடுக்கி, சட்டியை மேலே வைத்து, கண்ணைப் பாலில் நட்டார். பொங்கியண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இருக்கிறதிலேயே உசரமான மருத மரத்தில் ஏற ஆரம்பித்தார்.

சூரியன் மேலே வந்துவிட்டது. வையாபுரி கிழக்கே பார்த்தபடியே மூக்கை உறிஞ்சினார்.

"சம்பந்தி, வாசம் ஒண்ணும் வரலையே?"

"டிகாஷன் தயாருங்க. இந்நேரம் கெட்டியா இறங்கியிருக்கும்."

"எங்க இருக்குது?"

"எங்க ஊர்த் துறையில, பாறைமேல இருக்குதுங்க."

வையாபுரி மெதுவாகத் திரும்பினார். "அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"அசைக்கக் கூடாதுன்னு என்ற பொண்ணு சொல்லிருக்குதுங்க."

நீங்களும் நானுமாக இருந்தால் அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டியிருப்போம். வையாபுரிக்குக் கண் கலங்கிவிட்டது. "சம்பந்தி, ஜீப்புலயும் பரிசல்லயும் யானை மேலயும் அசைஞ்ச டிகாஷனாவே குடிச்சு என்ற காலம் போயிருச்சுங்க. அசையாத டிகாஷனை நான் கண்ணால பார்த்ததே இல்லை. வாங்க, போலாம்" என்று எழுந்துவிட்டார்.

மாரப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. பொங்கியண்ணனைக் கூப்பிட்டார்கள். "நான் இறங்கினா உசரம் கொறைஞ்சு போயிருங்க" என்று மரத்திலிருந்து பதில் வந்தது. ஆகவே சம்பந்திகள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினார்கள். எங்கள் பக்கம் பரிசல் ஆற்றோடு போகும், திரும்பி வரும்போது தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடப்போம். ஒரு ஆள் சுமக்கிற பரிசல்தான். மரியாதைக்கு இரண்டு பேரும் உள்ளே நுழைந்துகொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆமை மாதிரி ஒரு ஓடும் நாலு காலும்தான் தெரியும். எதிரே வந்த மாடு மேய்க்கிறவர் ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

"சம்பந்தி, வழி தெரியுதுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் நாச்சிமுத்து.

"எனக்கு எப்படித் தெரியும்? முன்னால போறது நீங்கதான?"

"நானா? நான் உங்க பின்னால வர்றதா நெனச்சுட்டிருக்கேன்."

இங்கே துறையில் என்ன நடந்தது என்றால், காலையில் தண்ணீர் எடுக்க வந்த பவளக்கொடி பாறைமேல் பில்டரையும் அதன் தலைமேல் தீப்பெட்டியையும் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டாள். பில்டரைத் திறந்து பார்த்தாள். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்திருந்தது. அதை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, என்ற கல்யாணத்தையே பாறைமேல வச்சுட்டுப் போயிட்டாங்கண்ணா" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். என் மச்சான் ஒருத்தருடைய பழைய பரிசலை இறக்கிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் நாலு கால் பரிசல் துறைக்கு வந்து சேர்ந்தது.

நாச்சிமுத்து வெளியே வந்து பாறையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அசைச்சுட்டாங்க! யாரோ அசைச்சுட்டாங்க!"

"இறங்கி முடிஞ்ச பொறகுதாம்ப்பா எடுத்தேன்."

"கடைசிச் சொட்டு வரைக்குமா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும்."

எல்லோரும் வீட்டுக்குப் போனோம். பவளக்கொடி பாலைக் காய்ச்சி, கலந்து, ஆற்றி, நுரையோடு கொண்டுவந்து வையாபுரி கையில் கொடுத்தாள். அவர் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பியது. கண்ணை மூடினார். கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. ஆனால் முழுங்கவில்லை.

"பிடிக்கலைங்களா மாமா?" என்றாள் பவளக்கொடி. உயிரே இல்லை அந்தக் குரலில்.

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பிடிச்சிருக்குதுங்களா?"

ஆமாம் ஆமாம் என்று பலமாக ஆட்டினார். ஒரு சொட்டு மீசைக்குத் தப்பி ஓடப் பார்த்தது. விரலால் தடுத்து நிறுத்தினார். பிறகு ஆற்றுப் பக்கம் கையை நீட்டினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு உடனே விளங்கிவிட்டது. "முதல் வாய் மணல்திட்டுலதான முழுங்கோணும்! அதான சட்டம்! வாங்க சம்பந்தி, பரிசல் தயாருங்க!" வையாபுரி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். இவரை ஒருதரம் பார்த்தேன், அவரை ஒருதரம் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே கடையில்தான் புத்தி வாங்கியிருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது.

"அண்ணா, வழியில அவருக்கு ஒரு தும்மல் வந்தா என்ற கல்யாணம் போச்சுங்களே" என்றாள் பவளக்கொடி. மிச்ச டிகாஷன், புதுப் பால், சர்க்கரை, சொம்பு, டம்ளர், தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு நான் இறக்கின பழைய பரிசலில் ஏறினாள். முழுங்கி முடிக்கிற வரைக்கும் கரையேற மாட்டேன் என்றாள்.

முன்னால் போன பரிசல் சுற்றிக்கொண்டே போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் வையாபுரியின் உப்பின கன்னம் எங்கள் பக்கம் வந்து போகும். நாச்சிமுத்து மரியாதை தெரிந்தவர். சம்பந்தி சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனார்.

"கல்யாணத்தை எங்க ஊர்ல வைக்கலாமுங்களா, உங்க ஊர்லயா?"

வையாபுரி அவர் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். அதற்குள் பரிசல் சுற்றிவிட்டதால் கை எங்கள் ஊரைக் காட்டியது. "ரொம்பப் பெரிய மனசுங்க" என்றார் நாச்சிமுத்து.

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து வையாபுரியின் மூக்கில் உட்கார்ந்தது. மூக்கு சுருங்கியது. கண் இடுங்கியது. தலை மெல்ல மெல்லப் பின்னால் போனது.

"அப்பா! மூக்கைப் பிடிங்க! மூக்கைப் பிடிங்க!" என்று பவளக்கொடி கத்தினாள்.

மகள் சொல்லி அவர் எதைச் செய்யாமல் இருந்தார்? துடுப்பைக் கீழே போட்டுவிட்டு நாச்சிமுத்து தன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

துடுப்பில்லாத பரிசல் நேரே போய் ஒரு பாறையில் மோதியது. சாமி புண்ணியம், மோதின பயத்தில் தும்மல் ஓடிப்போய்விட்டது. பவளக்கொடி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தூரத்திலிருந்தே பார்த்தோம். வையாபுரி மணலில் கால் வைத்தார். கிழக்கே திரும்பி நின்றார். முழுங்கினார். "ஆஹா!" என்று அவர் போட்ட சத்தம் எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "சம்மதம் அம்மணி! ஆளுக்கு ஒரு வாய் எல்லாரும் குடிச்சுட்டு, இங்கயே உப்பு சர்க்கரை மாத்தி நிச்சயத்தை முடிச்சுரலாம்! பால் மட்டும் பொங்கட்டும்!"

பவளக்கொடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்லுவதில் என்ன வெட்கம்.

நாங்கள் கரையேறினபோது மாரப்பன் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் பொங்கட்டும் என்று வையாபுரி ஒரு பக்கமும் நாச்சிமுத்து இன்னொரு பக்கமும் உட்கார்ந்து அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கின விறகு அடுக்கினபடி இருந்தது. அதில் ஒரு எறும்பு ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அடுப்பே பத்த வைக்கலையே?" என்று கேட்டுவிட்டேன்.

மூன்று தலையும் சட்டென்று என் பக்கம் திரும்பின. மாரப்பன் முகம் வெளுத்துப்போனது.

"கண்ணை எடுக்க வச்சுட்டியேப்பா! விடிஞ்சதுல இருந்து பார்த்த பார்வை அத்தனையும் போச்சே!"

"பால் பொங்கற நேரத்துல பேச்சுக் குடுக்கலாமா தம்பி?" என்றார் வையாபுரி.

"இவன் எப்பவும் இப்படித்தானுங்க, அவசரக்காரன்" என்றார் நாச்சிமுத்து.

மூன்று பேரும் மாற்றி மாற்றி என்னைத் திட்டினார்கள். அந்தச் சந்தில் பவளக்கொடி புளித்துப்போன பாலை ஆற்றில் கொட்டினாள். அதைப் பார்த்துவிட்ட மாரப்பன், பால் போன பக்கமே பார்த்தபடி இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் தீயை மூட்டிப் புதுப் பாலை வைத்தாள். திட்டு இன்னும் முடியவில்லை, பால் பொங்கி வழிந்தது.

"பொங்கிருச்சுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "பொங்கினதை யாரு பார்த்தது?" என்று கேட்டார் வையாபுரி.

"நான் பார்த்தேனுங்க மாமா. கண்ணை எடுக்கலைங்க."

வையாபுரி எழுந்து நின்றார். "இத்தனை ஆம்பளைங்க இருந்தும் கண்ணை எடுக்காம இருந்தது நீ ஒருத்திதான் அம்மணி. நீதான் எங்க வீட்டு மருமக" என்று அவள் தலையில் கை வைத்தார். நாச்சிமுத்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

பவளக்கொடி பாலையும் டிகாஷனையும் சொம்பில் கலந்து முடித்தாள். மரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மணி, அப்ப என்ற வேலை?"

பொங்கியண்ணனை எல்லோரும் மறந்தே போயிருந்தோம். விடிந்ததிலிருந்து உச்சிக்கிளையில் பட்டினியாக உட்கார்ந்திருந்த மனுசன். அவள் பதில் சொல்லுவதற்குள், தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, நாச்சிமுத்து சொம்பைப் பொங்கியண்ணன் மேலிருந்து இறக்கின கயிற்றில் கட்டிவிட்டார். மாரப்பன் டம்ளரோடு கீழே போய் நின்றார்.

"மாமா, வேண்டாம்!" என்று அவள் கத்தினதும் அவர் ஊற்றினதும் ஒன்றாக நடந்தது. மேலிருந்து புறப்பட்டது காபிதான். காற்றில் பிரிந்து, இலையிலும் மணலிலும் என் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது.

"நுரை வந்துச்சா?" என்று மேலிருந்து ஆவலாகக் கேட்டார்.

மாரப்பன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "நுரை மட்டும்தாண்ணா வந்திருக்குது!"

சொம்பு காலி. பில்டரில் இரண்டாம் டிகாஷன் கொஞ்சம் இருக்கும், அதுவும் வீட்டில். எல்லோரும் குடிக்காமல் நிச்சயம் எப்படி முடியும் என்று நாச்சிமுத்து கையைப் பிசைந்தார். வையாபுரி மட்டும் கலங்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிசலைப் பார்க்க நடந்தார்.

"எதுக்குங்க விசனம்? எனக்கு ஒரு வாய் கொண்டு வந்தவன், உங்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் கொண்டு வர மாட்டேனா?" என்று இரண்டு கன்னத்தையும் தட்டிக் காட்டினார்.

இரண்டு எட்டு போனவர் என்ன நினைத்தாரோ, நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை போடறது?" என்று வாஞ்சையாகக் கேட்டார்.

"எனக்குக் காபியே ஆகாதுங்க" என்றேன்.